இறந்தகாலம் இன்னும் படிப்பிக்கவில்லை

"அக்கா, காதலைச் சொன்னால் கேஸ் பழுதாகுமா?"

நேர்காணல் அறையில் இடைவேளை விட்டிருந்தார்கள். அதிகாரி எழுந்து வெளியே போய்விட்டார். 18 வயது நிரம்பாதவர்களின் தஞ்சக் கோரிக்கையை விசாரிக்கும்போது பொறுப்பான பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்பது பிரித்தானிய விதி. அப்படி வந்திருந்த பெண்மணி கைப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். அந்த இடுக்கில் பையன் மேசைக்கு மேலாகக் குனிந்து என்னிடம் இதைக் கேட்டுவிட்டான்.

நான் மொழிபெயர்ப்பாளர். அந்த அறையில் எனக்கென்று சொந்தமாக ஒரு வாக்கியமும் கிடையாது. அவன் தமிழில் "நான்" என்றால் நானும் ஆங்கிலத்தில் "நான்" என்பேன். நாற்பதைத் தாண்டிய, இரண்டு பிள்ளை பெற்ற பெண் அந்த மூன்று மணி நேரமும் 16 வயதுப் பையனாகப் பேசிக்கொண்டிருப்பாள். இடைவேளையில் தனியாகக் கதைப்பதும் எங்களுக்கு விலக்கு. "சொலிசிட்டரிடம் கேளுங்கள், தம்பி" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தேன்.

அந்தப் பையனைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன். கேள்வியின் சொற்களைக்கூட மாற்றித்தான் போட்டிருக்கிறேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. மூன்று வருடமாக நான் எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கும் இளையோர் நாவல் அதிலிருந்துதான் வந்தது. தஞ்சம் கேட்டு வந்த இரண்டு பிள்ளைகள், அவர்களுடைய முதல் காதல், அவ்வளவுதான் கதை. சொல்லும்போது ஒரு வரியில் முடிந்துவிடுகிறது.

தமிழில் இளையோர் நாவல் என்றால் யாருக்கு என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நம்மிடம் சிறுவர் கதை இருக்கிறது, அதை முடித்ததும் பிள்ளை நேராகப் பெரியவர்களின் அலமாரிக்குத் தாவிவிட வேண்டும். நடுவில் இருக்கும் 14 முதல் 18 வரை நமக்குப் பரீட்சைக் காலம். லண்டனில் பிறந்த என் மகளுக்குத் தமிழ் வாசிக்க வராது. வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு குரோய்டன் எங்கிருக்கிறது என்று தெரியாது. ஆகவே இது வாசகர் இல்லாத நாவல் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுதான் தொடங்கினேன். அதில் ஒரு நிம்மதியும் உண்டு.

முதல் பிரதி முள்ளிவாய்க்காலில் தொடங்கியது. மயூரன் என்று பெயர் வைத்த பையனைச் செல்லடிக்குள் ஓடவிட்டேன், மெனிக் பாம் முகாமில் தண்ணீர் வரிசையில் நிறுத்தினேன், ஏஜென்சிக்காரன் கொடுத்த தலைமாற்றிய பாஸ்போர்ட்டுடன் விமானம் ஏற்றினேன். (வேறொருவரின் பாஸ்போர்ட்டில் படத்தை மட்டும் மாற்றுவதற்கு நம் ஆட்கள் வைத்த பெயர் 'தலைமாற்றி'. இதைவிடப் பொருத்தமாக எந்த எழுத்தாளராலும் சொல்லியிருக்க முடியாது.) 140 பக்கம் போன பிறகும் அவன் ஒரு பெண்ணைக்கூடப் பார்க்கவில்லை. கையெழுத்துப் பிரதியைப் படித்த தோழி இன்னொரு யோசனை சொன்னாள்: "விமானம் எடுபடாது, கப்பலில் கொண்டுவா." 2010 ஆகஸ்டில் 492 தமிழர்களுடன் கனடாவின் மேற்குக் கரையை அடைந்த 'சன் சீ' கப்பலை அவளால் மறக்க முடியவில்லை. கடல் என்றால் வாசகருக்குப் பிடிக்கும் என்றாள். எனக்கோ கோபம் வந்தது. பிள்ளை எப்படி வந்தான் என்பதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். அதிகாரி கேட்கிறார், சமூகப் பணியாளர் கேட்கிறார், டாக்டர் கேட்கிறார். நாவலும் அதையே கேட்க வேண்டுமா?

இரண்டாவது பிரதியில் வேறு தவறு. காதலியை உள்ளூர் வெள்ளைக்காரப் பெண்ணாக்கினேன். அவள் இரக்கமானவள், பள்ளியைத் திரட்டுகிறாள், கையெழுத்து வாங்குகிறாள், அவனை நாடு கடத்தவிடாமல் காக்கிறாள். நடக்காத காரியம் என்று சொல்ல முடியாது. 2005இல் கிளாஸ்கோவின் டிரம்சாப்பல் உயர்பள்ளியில் படித்த ஏழு மாணவிகள், விடிகாலையில் வீடு புகுந்து கொண்டுபோகப்பட்ட தங்கள் கொசோவோ ரோமா தோழிக்காக ஸ்காட்லாந்து அரசையே உலுக்கினார்கள். 'கிளாஸ்கோ கேர்ள்ஸ்' என்று அவர்களுக்குப் பெயரே வந்துவிட்டது. ஆனால் அந்த ஏழு பேரில் பலர் தாங்களே தஞ்சம் தேடி வந்த குடும்பத்துப் பிள்ளைகள். யாரும் யாருக்கும் மேலே நின்று கை கொடுக்கவில்லை. என் இரண்டாவது பிரதியில் காதல் ஒரு தர்ம காரியம்போல் இருந்தது. ஒருத்தி கொடுக்கிறாள், ஒருவன் வாங்கிக்கொள்கிறான். அதையும் தூக்கிப் போட்டேன்.

மூன்றாவது பிரதியில் சாபா வந்தாள். எரித்திரியப் பெண், 16 வயது. அவளும் தஞ்சம் கேட்டிருக்கிறாள், அவளுக்கும் பதில் வரவில்லை. இருவரிடமும் மற்றவருக்குக் கொடுக்க ஒன்றுமே இல்லை. இப்போதுதான் கதை தானாக நடக்கத் தொடங்கியது.

எரித்திரியாவில் பன்னிரண்டாம் வகுப்பைச் சாவா என்ற ராணுவ முகாமில்தான் படித்து முடிக்க வேண்டும். அங்கிருந்து தேசிய சேவை. சட்டத்தில் அது 18 மாதம், நடைமுறையில் எப்போது விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதனால் பதினோராம் வகுப்பிலேயே பிள்ளைகள் எல்லை தாண்டுகிறார்கள். இதை முதல் தடவை வாசித்தபோது எனக்கு விளக்கமே தேவைப்படவில்லை. போரின் கடைசி வருடங்களில் வன்னியில் 'வீட்டுக்கு ஒருவர்' என்று புலிகள் இயக்கம் பிள்ளை கேட்டபோது, மணமானவர்களை விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் 16, 17 வயதில் தாலி கட்டிவைத்த பெற்றோர் இருந்தார்கள். மயூரனின் அக்காவுக்கு நான் அப்படி ஒரு கல்யாணம் வைத்திருக்கிறேன். ஆக, ஆணும் பெண்ணும் சேர்வது என்பது அவன் கண்ட வரையில் பதுங்குகுழிக்கு இன்னொரு பெயர். அவனைக் காதலிக்க வைப்பது லேசான வேலையாக இருக்கவில்லை.

அதோடு கடன். அவன் வந்த காசு அம்மாவின் தாலிக்கொடியை அடகு வைத்தும் வீட்டுக் காணியை ஈடு வைத்தும் புரட்டியது. ஞாயிறுதோறும் தொலைபேசியில் அம்மா கேட்பது ஒன்றுதான்: "கார்ட் கிடைத்துவிட்டதா, அப்பன்?" கார்ட் என்றால் இங்கே தங்குவதற்கான உரிமை அட்டை. வேலை செய்ய அனுமதியில்லை. தனியாக வந்த பிள்ளை அகதியாக ஏற்கப்பட்டாலும் தாயைக் கூப்பிட்டுக்கொள்ளப் பிரித்தானியக் குடிவரவு விதிகளில் இடமில்லை. இதெல்லாம் தெரிந்தும் ஒரு பெண்ணின் பின்னால் பஸ் ஏறுவது அவனுக்குக் களவெடுப்பதைப்போல் இருக்கிறது. அம்மாவின் கழுத்திலிருந்து எடுத்துச் செலவழிப்பதைப்போல.

கறுப்பினப் பெண் என்று தெரிந்தால் நம் ஆட்கள் என்ன சொல்வார்கள் என்பதையும் எழுதியிருக்கிறேன். 'காப்பிலி' என்ற சொல்லைக் கோயில் மண்டபத்தில் அன்னதானத் தட்டு கையில் இருக்கும்போதே எத்தனை முறை கேட்டிருக்கிறேன்! அந்த அத்தியாயத்தை ஒரு பெரியவரிடம் காட்டினேன். சமூகத்தைக் காட்டிக்கொடுக்கிறாய் என்றார். சரி, காட்டிக்கொடுக்கிறேன்.

பஸ் என்றேனே, அதைச் சொல்ல வேண்டும். கதை நடப்பது 2011இல், தெற்கு லண்டனின் குரோய்டனில். தஞ்சக் கோரிக்கைகளைப் பதியும் லூனர் ஹவுஸ் என்ற இருபது மாடிக் கட்டடம் அங்கேதான் இருக்கிறது. மனிதன் சந்திரனில் கால் வைத்த காலத்தில் எழுப்பியது, பக்கத்துக் கட்டடத்தின் பெயர் அப்பல்லோ. நிலாவைக் காட்டிச் சோறூட்டிய இனம் நிலாவின் பெயரில் அமைந்த கட்டடத்தின் முன்னால் வரிசையில் நிற்கிறது என்று ஒரு வரி எழுதி, மிகையாக இருக்கிறதென்று வெட்டிவிட்டேன். இங்கே மட்டும் இருக்கட்டும்.

கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுக்கு லண்டன் பஸ்ஸில் கட்டணம் இல்லை. காசில்லாத இருவர் மழைக்கு ஒதுங்கி, பெரியவர்கள் யாரும் விசாரிக்காமல், ஒரு மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார இந்த ஊரில் வேறு இடமில்லை. 109ஆம் இலக்க பஸ் குரோய்டனிலிருந்து தோர்ன்டன் ஹீத், நோர்பரி, ஸ்ட்ரெத்தம் வழியாக பிரிக்ஸ்டன் போகும். மேல்தட்டில் முன் இருக்கை. மரக்கிளை கண்ணாடியில் அடிக்கும்போதெல்லாம் சாபா தலையைக் குனிவாள், கண்ணாடி இருப்பது தெரிந்தும் குனிவாள். மயூரன் ஒவ்வொரு முறையும் சிரிப்பான். நாவலில் முப்பது பக்கம் இதுதான் நடக்கிறது. நோர்பரியில் தமிழ்க் கடைகளின் பெயர்ப்பலகைகளை அவன் வாசித்துக் காட்டுகிறான். அவள் 'ழ' சொல்லிப் பார்க்கிறாள்.

அவர்கள் என்ன மொழியில் பேசுவார்கள்? இந்த இடத்தில்தான் நாவல் எனக்குப் பிடிபட்டது. அவனுக்குத் தமிழ், அவளுக்குத் திக்ரிஞ்ஞா. பொதுவாக இருப்பது கல்லூரியில் புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆங்கிலம், அதிலும் 'என்ட்ரி 1' என்ற அடிப்படை நிலை. நானே ஒரு காலத்தில் அந்த வகுப்புகளில் உதவியாளராக இருந்திருக்கிறேன். பலகையில் எழுதும் முதல் வினைச்சொல் 'இரு'. நான் இருக்கிறேன், நீ இருக்கிறாய். அடுத்து நிகழ்காலம். நான் சோறு சாப்பிடுகிறேன். அவள் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறாள். இறந்தகாலம் பெரும்பாலும் அடுத்த நிலையில்தான் வரும்.

அதாவது, ஒரு வருடத்துக்கு அந்த இரண்டு பிள்ளைகளிடமும் ஒருவருக்கொருவர் பேச இறந்தகாலம் கிடையாது.

இதை நான் கண்டுபிடித்த இரவில் தூங்கவில்லை. நினைத்துப் பாருங்கள். நேர்காணல் அறையில் அவனிடம் கேட்பதெல்லாம் இறந்தகாலம்தான். எப்போது பிடித்தார்கள், எத்தனை பேர் வந்தார்கள், எந்தக் கையால் அடித்தார்கள், அப்போது மணி என்ன. சொல்வதையெல்லாம் எழுதிக்கொள்வார்கள், முன்னே சொன்னதோடு ஒத்துப்பார்ப்பார்கள். செவ்வாய்க்கிழமை என்றதைப் பிறகு புதன்கிழமை என்றால் ஆளையே நம்ப மாட்டார்கள். அந்தப் பிள்ளைக்கு மிச்சமிருக்கும் ஒரே சொத்து இறந்தகாலம். அதுவும் முரணில்லாமல் இருக்க வேண்டும். பிறகு அவன் வெளியே வந்து பஸ் ஏறுகிறான். பக்கத்தில் இருப்பவளால் "என்ன நடந்தது?" என்று கேட்க முடியாது. இலக்கணம் இடம் கொடாது. "என்ன சாப்பிடுகிறாய்?" என்றுதான் கேட்பாள்.

தமிழில் எழுதும்போது இதற்காக ஒரு சின்னத் தந்திரம் செய்திருக்கிறேன். அவர்கள் இருவரும் பேசும் வரிகள் எல்லாவற்றையும் நிகழ்காலத்தில் மட்டும் எழுதினேன். இருபது அத்தியாயம்வரை அப்படித்தான். வாசித்த மூன்று பேரில் ஒருவரும் கவனிக்கவில்லை. கொஞ்சம் வருத்தம்தான்.

நம் பழைய ஆட்கள் காதலை நிலத்தில் பிரித்து வைத்தார்கள். குறிஞ்சிக்குப் புணர்தல், பாலைக்குப் பிரிதல், முல்லைக்கு இருத்தல். தஞ்சம் கேட்டவர்களின் தங்குமிடம் எந்தத் திணை என்று ஒருநாள் விளையாட்டாக யோசித்தேன். தபால்காரன் வரும் நேரம் படிக்கட்டில் எட்டு நாட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் அந்த வீடு முல்லைதான். இருத்தல் என்றால் ஆற்றியிருத்தல். வகுப்பில் முதலில் படித்த வினைச்சொல்லும் அதுதானே.

இனிச் சட்டம். இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நீட்டினால் எனக்கு இரத்தம் கொதிக்கும்.

அகதியாக ஏற்கப்பட்டவர் துணையை அழைத்துக்கொள்ளக் குடும்ப இணைவு விதி ஒன்று இருந்தது. ஆனால் அந்த உறவு நாட்டைவிட்டு வெளிக்கிடும் முன்பே இருந்திருக்க வேண்டும். ஓடிய பிறகு முளைத்த காதல் அந்தக் கணக்கில் சேராது. 2014இல் பிரித்தானிய நாடாளுமன்றம் 2002ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தில் 117பி என்று ஒரு பிரிவைச் சேர்த்தது. நாட்டில் சட்டப்படி இல்லாத காலத்தில் துணையோடு ஏற்படுத்திக்கொண்ட உறவுக்கும், குடிவரவு நிலை உறுதியில்லாத காலத்தில் ஒருவர் அமைத்துக்கொண்ட தனி வாழ்க்கைக்கும் நீதிமன்றம் 'குறைந்த எடையே' தர வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. எடை! தராசில் வைத்துத்தான் பார்க்கிறார்கள். 17 வயதில் எவருடைய நிலைதான் உறுதியாக இருந்தது? எந்தக் காதல்தான் அந்த வயதில் உறுதியான நிலத்தில் முளைத்தது?

அந்தப் பையன் என்னிடம் கேட்டதற்கு இப்போது பதில் சொல்ல முடியும். காதலைச் சொன்னால் கேஸ் பழுதாகாது, தம்பி. அதை எழுதிக்கொள்ளவே மாட்டார்கள்.

பதினேழரையையும் விட்டுவிடக் கூடாது. கோரிக்கை நிராகரிக்கப்பட்டாலும், திருப்பி அனுப்பினால் பார்த்துக்கொள்ள அங்கே ஆளில்லாத பிள்ளை என்றால், பதினேழரை வயதுவரை தங்கத் தற்காலிக அனுமதி தருவார்கள். அது முடியும் முன் நீட்டிக்க விண்ணப்பிக்க வேண்டும். மற்றப் பிள்ளைகள் பதினெட்டுக்குக் கேக் வெட்டக் காத்திருக்கும்போது இவர்கள் பதினேழரைக்குப் பயந்துகொண்டிருப்பார்கள். நாவலில் மயூரனின் அறைத் தோழன் இதை "எங்கள் ஏழரை" என்கிறான். "மற்றவனுக்குச் சனி ஏழரை வருடம் பிடிக்கும், எங்களுக்கு ஏழரையில் வந்து பிடிக்கும்." சாபாவுக்கு இந்தப் பகிடியை விளக்க மயூரன் பஸ்ஸில் ஸ்ட்ரெத்தம்வரை முயல்கிறான். சனிக் கிரகம், சனிக்கிழமை, காகம் எல்லாம் வருகிறது. அவள் கடைசியில், "ஆம், எனக்குக் காகம் பிடிக்கிறது" என்கிறாள். எழுதும்போது நானே சிரித்த ஒரே இடம் இது.

அவளுடைய பிறந்த தேதியும் ஒரு கதை. சான்றிதழ் எதுவும் இல்லாத பிள்ளைகளுக்கு ஜனவரி 1 என்று போட்டுவிடுவார்கள். வயதை நம்பாவிட்டால் இரண்டு சமூகப் பணியாளர்கள் உட்கார்ந்து கணிப்பார்கள். 2003இல் மெர்டன் வழக்கில் வந்த தீர்ப்பை ஒட்டி அப்படி ஒரு முறை. தோற்றத்தை மட்டும் வைத்து முடிவுசெய்யக் கூடாது, காரணம் சொல்ல வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. சாபாவும் காகிதத்தில் ஜனவரி 1 அன்று பிறந்தவள். தன் உண்மையான நாளை அவள் மயூரனிடம் ஒருநாள் சொல்கிறாள், கைவிரல்களால் எண்ணிக்காட்டி. வேறு எவருக்கும் சொல்லாததைச் சொல்கிறாள் என்று அவனுக்குப் புரிகிறது. முத்தக் காட்சி எங்கே என்று தோழி கேட்டாள். இதுதான் என்றேன். அவள் முகம் சுளித்தாள்.

இன்னொரு காட்சியை மட்டும் சொல்கிறேன். மயூரனின் முழங்கைக்குக் கீழே ஒரு தழும்பு, உள்ளே செல் பீஸ், அதாவது எறிகணைச் சிதறல், இருக்கிறது. வன்னியில் 'பீஸ்' என்றால் எல்லோருக்கும் விளங்கும். உடம்புக்குள் உலோகத்தைச் சுமந்துகொண்டு சாதாரணமாகக் கடைக்குப் போய்வரும் ஆட்கள் எத்தனையோ பேர். கேஸுக்காக ஒரு டாக்டர் அந்தத் தழும்பை அளந்து அறிக்கை எழுதுகிறார். சித்திரவதைத் தடயங்களைப் பதிவுசெய்ய இஸ்தான்புல் நெறிமுறை என்று ஒன்று 1999இல் வந்தது. அதில் ஐந்து படிகள் உண்டு: சொன்ன காரணத்தோடு பொருந்தவில்லை, பொருந்துகிறது, மிகவும் பொருந்துகிறது, இப்படியான காயத்தில் வழக்கமாகக் காணப்படுவது, வேறு எதனாலும் வந்திருக்க முடியாதது. அவன் தழும்புக்கு இரண்டாம் படிதான் கிடைக்கிறது. பொருந்துகிறது. அறிக்கையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுகிறான். வெக்கை, கையை மடித்து விட்டிருக்கிறான். சாபா தழும்பின் மேல் ஒரு விரலை வைக்கிறாள். அந்தக் கையை அதுவரை தொட்டவர்கள் அத்தனை பேரும் "வலித்ததா? எப்போது? யார்?" என்று கேட்டவர்கள். அவளுக்கு அந்தக் காலம் தெரியாது.

"வலிக்கிறதா?" என்கிறாள்.

அவன் யோசிக்கிறான். உண்மையாகவே யோசிக்கிறான், இதுவரை யாரும் கேட்காத கேள்வி என்பதால். "வலிக்கவில்லை" என்கிறான்.

இருபத்தோராம் அத்தியாயத்தில் வந்து நிற்கிறேன், நான்கு மாதமாக. வகுப்பில் அடுத்த நிலை தொடங்கிவிட்டது. ஆசிரியை பலகையில் 'நேற்று' என்று எழுதுகிறார். இனி இருவராலும் எல்லாவற்றையும் சொல்ல முடியும், முள்ளிவாய்க்காலையும் சாவாவையும். சொல்லவிடுவதா என்று தெரியாமல் பல பக்கம் எழுதி அழித்தேன். கடைசியில் மயூரனின் முதல் இறந்தகால வாக்கியம் கிடைத்துவிட்டது. முந்தின நாள் அவள் வகுப்புக்கு வரவில்லை. மறுநாள் பஸ்ஸில் அவளைக் கண்டதும், புதிதாகப் படித்த ஆங்கிலத்தை நாக்கில் புரட்டி, காலம் பிசகாமல் சொல்கிறான்: நேற்று நீ பஸ்ஸில் இல்லை.

எழுதிப் பார்த்தபோதுதான் இடி விழுந்தது. தமிழில் அந்த வாக்கியத்துக்குக் காலமே இல்லை. 'இல்லை' என்ற சொல் நேற்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான். வேலையில் இதனோடு எத்தனை நாள் மல்லுக்கட்டியிருக்கிறேன்! பிள்ளைகள் "அப்பா இல்லை" என்பார்கள். வீட்டில் இல்லையா, அப்போது இருக்கவில்லையா, உயிரோடு இல்லையா? ஆங்கிலம் ஏதாவது ஒரு காலத்தைக் கேட்கும். அதிகாரியிடம் அனுமதி பெற்று, பிள்ளையின் முகத்தைப் பார்த்து, "எந்த இல்லை, தம்பி?" என்று விளக்கம் கேட்க வேண்டிவரும்.

'இருக்கவில்லை' என்று போட்டால் காலம் வந்துவிடும். ஆனால் காதலிக்கும் பையன் அப்படிச் சொல்வானா? நேற்றிரவும் இரண்டையும் மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தேன்.